அண்ணாச்சி பதில்கள்: கப்பல் விலகும், தீவு விலகுமா?

இந்த மாதம் தபாலிலும் போனிலும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புயலைப் பற்றித்தான். அதுவும் உள்ளூர்ப் புயல் இல்லை, கரீபியன் தீவுகளைப் புரட்டிப் போடுகிற ஹரிக்கேன். உவரியிலிருந்து ஒரு அம்மா ஆரம்பித்து வைத்தார்கள். அவர்கள் கேட்டதை நான் நாலு பேரிடம் சொல்லப்போக, அந்த நாலு பேரும் ஆளுக்கொரு கேள்வியோடு வந்துவிட்டார்கள். சரி, வழக்கமான ஆதார் கார்டு, பட்டா மாறுதல் சந்தேகங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த இதழைப் புயலுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அண்ணாச்சி, என் மகன் பயணிகள் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். "அம்மா, இந்தப் பக்கம் ஹரிக்கேன் வருது, ரெண்டு நாள் போன் கிடைக்காது" என்று சொல்லி வைத்துவிட்டான். நாங்கள் பார்க்காத புயலா? இது அதைவிடப் பெரிசா? கப்பல் தாங்குமா?
— ஒரு தாய், உவரி

முதலில் மகன் விஷயம், தாயி. பயப்படாதீர்கள். அமெரிக்காவில் மயாமி பக்கம் தேசிய ஹரிக்கேன் மையம் என்று ஒன்று இருக்கிறது. புயல் எங்கே இருக்கிறது, அடுத்த ஐந்து நாளில் எந்தப் பக்கம் போகும் என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கப்பல்காரர்கள் அதைப் பார்த்து வழியை மாற்றி எட்டிப் போய்விடுவார்கள். துறைமுகத்தில் கட்டிக் கிடந்து சுவரில் மோதுவதைவிட, நேரத்தோடு கிளம்பி விலகி ஓடுவதுதான் பெரிய கப்பலுக்குப் பத்திரம்.

ஹரிக்கேன் நமக்குப் புது வார்த்தையும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு அரிக்கேன் விளக்கு கிடக்குமே? எந்தக் காற்றுக்கும் அணையாத விளக்கு என்று சொல்லி விற்ற வெள்ளைக்காரன் வைத்த பேர் அது. அந்தத் தீவுகளின் பூர்வகுடிகள் சொன்ன 'ஹுராக்கான்' என்ற சொல்லை ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டு, அது ஆங்கிலத்துக்குப் போய், சிம்னி விளக்கில் ஏறி நம்ம ஊர்த் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது.

சரக்கு எல்லாம் ஒன்றுதான். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், ஜப்பான் பக்கம் டைஃபூன், வங்கக் கடலில் புயல். காற்று மணிக்கு 119 கி.மீ. தொட்டால் அவர்கள் ஹரிக்கேன் என்கிறார்கள், கிட்டத்தட்ட அதே அளவில் நம் வானிலை ஆய்வு மையம் 'மிகத் தீவிரப் புயல்' என்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள், ஐந்தாம் வகை 252-ல் தொடங்குகிறது. 2017-ல் பார்புடா தீவை அடித்த இர்மா புயலில் காற்று மணிக்குச் சுமார் 285 கி.மீ. நெல்லையிலிருந்து சென்னைக்குப் போகிற வந்தே பாரத் ரயிலின் வேகத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேலே. இன்னொரு கணக்கும் உண்டு: காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். நூறு கி.மீ. காற்றுக்கு நின்ற சுவர் இருநூறுக்கும் நிற்கும் என்று நினைத்தவர்கள் அங்கே நிறைய ஏமாந்திருக்கிறார்கள்.

கப்பல் விலகிப் போய்விடும். தீவு எங்கே போகும்? மற்ற கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஹரிக்கேன் ஏன் எப்போதும் அந்தத் தீவுகளையே தேடிப் போகிறது? நம் திருநெல்வேலிக்கு ஏன் வருவதில்லை?
— பத்தாம் வகுப்பு மாணவி, களக்காடு

தேடிப் போகவில்லை தங்கச்சி, தீவுகள்தான் வழியில் நிற்கின்றன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிளம்புகிற காற்றுச் சலனம் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான தண்ணீர் மேலே மேற்கு நோக்கி நகர்ந்து வரும். தண்ணீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் போதும், அந்த ஆவியைக் குடித்துக் குடித்தே கொழுக்கும். பல நாள் கடலைத் தவிர ஒன்றும் கிடையாது, முதலில் எதிர்ப்படுகிற மண் டொமினிக்கா, பார்புடா, குவாடலூப் மாதிரி சின்னத் தீவுகள்தான். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் கொடூரம்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டேமுக்கால் டிகிரியில். கோட்டுக்கு நெருங்க நெருங்கப் புயலைச் சுழற்றி விடுகிற பூமியின் சுழற்சி விசை குறைந்துகொண்டே வரும், ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவதே அபூர்வம். போதாததற்குக் கிழக்கே இலங்கை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் நமக்குக் குறைவு. வராது என்று மட்டும் எழுதிவிடாதே, டீச்சர் மார்க் குறைத்துவிடுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது. 1992 நவம்பரில் தூத்துக்குடிக் கரையில் ஒன்று ஏறி, தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார். 2017-ல் ஒக்கி.

கிரெனடா தீவுக்காரர்களும் நம்மை மாதிரித்தான் நினைத்திருந்தார்கள். நாங்கள் தெற்கே தள்ளி இருக்கிறோம், எங்களுக்கு வராது என்று. 1955-ல் ஜேனட் என்ற புயல் அடித்ததோடு சரி, அடுத்த ஐம்பது வருஷம் பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு தலைமுறைக்குப் பயமே விட்டுப்போனது. 2004 செப்டம்பர் 7-ம் தேதி ஐவன் வந்தது. பத்து வீட்டில் ஒன்பது வீடு சேதம்.

போன ஆடிக் காற்றில் குலை தள்ளின ஏத்தன் வாழை 600 மரம் எனக்குச் சாய்ந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்து போட்டோ எடுத்துப் போனதோடு சரி. அந்த ஊர்களில் வாழை உண்டா? அவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?
— வாழை விவசாயி, ஏர்வாடி

வயிற்றெரிச்சல் புரிகிறது மாப்பிள்ளை. குலை தள்ளின மரம் வேரோடு சாயாது, முட்டுக் கொடுத்த கம்புக்கு ஒரு சாண் மேலே ஒடிந்து, இன்னும் மூக்காத குலை தலைகீழாய் மண்ணில் கிடக்கும். அந்தக் காயைக் கறிக்குக்கூட யாரும் விலைக்கு எடுக்க மாட்டார்கள். நானும் அந்த வீட்டில் பிறந்தவன்தான்.

அங்கே வாழை நிறையவே உண்டு. அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கிற போர்ட்டோ ரிக்கோ தீவில் வாழைக்காயைப் பொரித்து உரலில் பூண்டோடு இடித்து உருண்டை பிடித்துத் தின்பார்கள், அதுதான் அவர்களுக்குச் சோறு மாதிரி. 2017 செப்டம்பர் 20-ல் மரியா புயல் அந்தத் தீவுக்குள் ஏறினபோது, மொத்த விளைச்சலின் மதிப்பில் 80 சதவீதம் ஒரே நாளில் போனது என்று அவர்கள் விவசாயத் துறை கணக்குச் சொன்னது. ரெண்டு நாள் முன்னால் அதே மரியா டொமினிக்காவில் அடித்ததில் காட்டு மரங்களில்கூட ஒரு இலை மிச்சமில்லை. பச்சைப் பசேல் என்றிருந்த மலை, தீப் பிடித்து அணைந்தது மாதிரி பழுப்பாக நின்றது. படத்தில் பார்த்த எனக்கே நம் களக்காட்டு மலை அப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று ஒரு நடுக்கம்.

ஆனால் வாழைக்கு ஒரு நல்ல குணம், பக்கக் கன்று நின்றால் பத்து மாதத்தில் மறுபடி குலை பார்த்துவிடலாம். மரப் பயிர்க்காரன் கதி அப்படி இல்லை. கிரெனடா ஜாதிக்காய்த் தீவு, நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் உண்டு. ஐவன் வந்ததற்கு முன்னால் இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகத்தில் அதிகம் விளைந்தது அங்கேதான். ஒரே பகலில் பத்துக்கு ஒன்பது மரம் விழுந்தது. ஜாதிக்காய்க் கன்று நட்டால் காய்க்க ஏழெட்டு வருஷம், நன்றாகக் காய்க்க அதற்கும் மேலே. குற்றாலம் மலையில் ஜாதிக்காய் வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தாத்தா நட்டதைப் பேரன்தான் பறிப்பான் என்பார்கள். அறுபது வயதில் தோப்பை இழந்த ஒருவன் மறுபடி கன்று நடுவானா? பலர் நடவில்லை. அந்தத் தீவில் ஜாதிக்காய் இன்றுவரை பழைய நிலைக்கு வரவில்லை.

பணம் என்று கேட்டீர்கள். கரீபியன் நாடுகள் 2007-ல் சேர்ந்து ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதி தொடங்கின, ஐவன் கற்றுக்கொடுத்த பாடம். அதில் ஒரு வசதி, யாரும் வந்து போட்டோ எடுக்க வேண்டாம். காற்று இத்தனை வேகம், புயல் இந்த வழி என்ற அளவை வைத்தே கணக்குப் போட்டு ரெண்டு வாரத்துக்குள் அரசாங்கத்துக்குப் பணம் வந்துவிடும். அரசாங்கத்துக்குத்தான், விவசாயி கைக்கு அல்ல. அங்கிருந்து தோட்டத்துக்கு வந்து சேருகிற வழி இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு உபாயம் சொல்கிறேன், வாழைக்கு ஆகாது, மரச்சீனிக்கு ஆகும். பசிபிக் கடலில் வனுவாட்டு தீவுகளில், புயல் வருகிறது என்றால் மரச்சீனித் தண்டுகளை வெட்டித் தள்ளிவிடுவார்கள். காற்று பிடிக்க மேலே ஒன்றும் இருக்காது, கிழங்கு அசையாமல் மண்ணுக்குள் கிடக்கும், புயல் போன பிறகு தோண்டித் தின்னலாம்.

மரியா புயலில் 64 பேர் செத்ததாகப் படித்தேன். பிறகு 2,975 என்று போட்டிருந்தார்கள். புயல் அடித்து ஒரு வருஷம் கழித்து எப்படிச் சாவு கூடும்? அரசாங்கம் மறைத்ததா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

சார், எனக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது.

ரெண்டு எண்ணுமே அரசாங்கம் சொன்னதுதான். முதலில் சொன்ன 64, புயலால் செத்தவர்கள் என்று சான்றில் எழுதப்பட்டவர்கள். சவக்கிடங்கைப் பார்த்தவர்களும் டாக்டர்களும் இந்தக் கணக்கு உதைக்கிறதே என்று பேச ஆரம்பித்த பிறகு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர்கள் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். புயலே வராமல் இருந்திருந்தால் 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை போர்ட்டோ ரிக்கோவில் எத்தனை பேர் செத்திருப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் செத்தார்கள்? வித்தியாசம் 2,975. ஆகஸ்ட் 2018-ல் அரசாங்கம் அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டது.

அந்த மூவாயிரம் பேரைக் கொன்றது என்ன? முக்கியமாகக் கரண்ட் இல்லாதது. முப்பது லட்சம் பேருக்கு மேல் இருக்கிற தீவு முழுக்க இருட்டு. கடைசி வீட்டுக்குக் கரண்ட் வந்து சேரக் கிட்டத்தட்ட 11 மாதம் ஆனது. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை. டயாலிசிஸ் இயந்திரம் ஓடாது. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தில் மூச்சு விடுகிறவருக்கு ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தால் முடிந்தது. மலைக்குள் இருக்கிற ஊர்களுக்குப் பாலம் போய்விட்டது, ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி அதில் பழைய மளிகைக்கடைத் தள்ளுவண்டியைத் தொங்கவிட்டுச் சாமான் இழுத்தார்கள். அதிகம் போனது கிழடுகளும் ஏழைகளும்தான்.

2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா சார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. என் மதினிக்கு இன்சுலின் ஊசி, பிரிட்ஜில் இருந்த நாலு குப்பி. முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜ் வெந்நீர்ப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. மதினிதான் யோசனை சொன்னாள்: ஒரு மண்பானையில் பாதிக்கு மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கி, அதில் குப்பிகளை வைத்து மேலே ஈரத் துணி. மூன்று நாளும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து துணியை நனைத்தது என் வேலை. நாலாவது நாள் மதுரையிலிருந்து மருந்து வந்துவிட்டது.

இங்கேதான் விஷயம். மதுரையிலிருந்து வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்ணீருக்கு நடுவில் நின்றபோது பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் மின்வாரிய ஆட்கள் லாரியில் ஏறி வந்தார்கள். தீவுக்குப் பக்கத்து மாவட்டம் கிடையாது சார். பக்கத்து ஊரும் அதே புயலில்தான் கிடக்கும். போர்ட்டோ ரிக்கோவுக்கு ஒரு மின்கம்பம் வேண்டுமென்றாலும் கப்பலில்தான் வர வேண்டும், அதுவும் துறைமுகம் திறந்த பிறகு. சாப்பாட்டில் 85 சதவீதம் வெளியிலிருந்து வருகிற ஊர் அது. அமெரிக்காவிலிருந்து வருகிற சரக்கு அமெரிக்கக் கப்பலில்தான் வர வேண்டும் என்று 1920-லிருந்து ஒரு சட்டம் வேறு, மரியாவுக்காக அதைப் பத்தே பத்து நாள் தளர்த்தினார்கள். காற்று ஒரு நாள் அடித்துவிட்டுப் போய்விட்டது, காத்திருந்ததில்தான் ஆள் செத்தது.

மறைத்தார்களா என்றால், எண்ணத் தெரியாமல் எண்ணினார்கள் என்பேன். இன்சுலின் கெட்டு ஒரு மாதம் கழித்துச் செத்தவருக்குச் சான்றில் சர்க்கரை வியாதி என்றுதான் எழுதுவார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் எழுதுவோம்.

தென்காசியில் மாடியில் தகர ஷெட் போட்டிருக்கிறோம். ஆடிக் காற்றுக்கே படபடவென்று அடிக்கிறது. அத்தனை பெரிய புயலை அந்தத் தீவுக்காரர்கள் தகரக் கூரையில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— குடும்பத் தலைவி, தென்காசி

பல பேர் சமாளிக்கவில்லை அம்மா. டொமினிக்காவின் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட், மரியா அடித்துக்கொண்டிருந்த ராத்திரியிலேயே தன் கூரை போய்விட்டது என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். பிரதமர் வீட்டுக் கூரை!

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, காகிதத்துக்கு மேலே மட்டும் ஊதுங்கள். கீழே போக வேண்டிய காகிதம் மேலே எழும்பும். கூரைக்கும் அதே கதிதான். காற்று தகரத்தைக் கீழே அமுக்குவதில்லை, மேலே இழுக்கிறது. கதவோ ஜன்னலோ ஒன்று திறந்துகொண்டு உள்ளேயும் காற்று புகுந்தால், கீழிருந்து தள்ளுவதும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் புயல் அடிக்கிற தீவுகளில் நன்றாகக் கட்டின வீட்டில் மூன்று விஷயம் பார்க்கலாம்: நாலு பக்கமும் சரிகிற கூரை, கைமரத்தைச் சுவரோடு இறுக்குகிற இரும்புப் பட்டை, வராந்தாக் கூரை தனி, வீட்டுக் கூரை தனி. வராந்தா பிய்த்துக்கொண்டு போனாலும் வீட்டை இழுத்துக்கொண்டு போகாது.

உங்கள் ஷெட்டுக்கு வருவோம். படபடவென்று அடிக்கிறது என்றால் ஜே போல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லை ஓரத்தில் போல்ட்டே போதாது. ஓரமும் மூலையும்தான் முதலில் கிளம்பும், அங்கே நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். போல்ட் பிடித்திருக்கிற சட்டம் தூணோடு வெல்டிங் ஆகியிருக்கிறதா, தூண் தளத்தோடு பிடித்திருக்கிறதா என்று கீழே வரைக்கும் பாருங்கள். வெறும் செங்கல் சுவரில் பாரத்தை வைத்துவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கூரை போன பிறகு வருகிற தொல்லை வேறு. போர்ட்டோ ரிக்கோவில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நீலத் தார்ப்பாய் போட்டார்கள். தற்காலிகமாகத்தான். வருஷக்கணக்கில் அதே தார்ப்பாய்க்குக் கீழே குடும்பம் நடத்தினவர்கள் உண்டு. உதவித் தொகை கேட்டுப் போனால், வீடு உங்கள் பேரில் இருப்பதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். அப்பன் கட்டின வீடு, பாட்டன் இருந்த மண், காகிதம் ஏது? ஆயிரக்கணக்கான மனுக்கள் அதிலேயே தள்ளுபடி. பட்டா மாறுதல் கேள்விகளை இந்த மாதம் தள்ளி வைத்தேன் என்று சொன்னேனே, தள்ள முடியாது போலிருக்கிறது.

ஒக்கியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் திரும்பவில்லை. புயலில் அழிந்த தீவுக்காரர்கள் திரும்ப அதே மண்ணுக்குப் போனார்களா, இல்லை விட்டுவிட்டுப் போய்விட்டார்களா?
— பெயர் வேண்டாம், கூத்தங்குழி

உங்கள் இழப்புக்கு நான் என்ன சொல்ல. அந்த நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் அது புயலாக மாறினபோது, ஆழ்கடலுக்குப் போன படகுகள் போய்விட்டிருந்தன. கரையிலிருந்து கூப்பிட வழி இல்லை. கரைக்குப் பக்கத்தில் உருவாகிற புயல் அந்த விதத்தில் மோசம், ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது மாதிரி ஒரு வாரம் தவணை கொடுப்பதில்லை. ஒக்கி இங்கிருந்து போய் அடித்ததும் தீவுகளைத்தான், லட்சத்தீவில் மினிக்காய், கல்பேனி.

போனார்களா என்றால், ரெண்டும் உண்டு. நமக்கு நெருங்கின சாட்சி தனுஷ்கோடி. 1964-க்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது, சர்ச்சின் பாதிச் சுவர் இன்னும் மணலில் நிற்கிறது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், ஊரைச் சரிசெய்யவில்லை.

பார்புடா வேறு கதை. சுமார் 1,800 பேர் இருந்த சின்னத் தீவு. 2017 செப்டம்பர் 6-ம் தேதி இர்மா அடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கட்டடம் சேதம். அடுத்த புயல் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால் அத்தனை பேரையும் படகிலும் விமானத்திலும் ஆன்டிகுவா தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முந்நூறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தீவில் மனுஷக் குரல் இல்லை, ஆடும் நாயும் கழுதையும்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த ஊர் நிலத்துக்கு ஒரு விசேஷம். 1834-ல் அடிமை முறை ஒழிந்ததிலிருந்து அங்கே நிலம் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, ஊருக்கே பொது. வீடு கட்ட, பயிர் செய்ய ஊர்க்காரன் யாரும் இடம் கேட்டு வாங்கலாம், விற்க முடியாது. 2007-ல் அதைச் சட்டமாகவும் எழுதி வைத்திருந்தார்கள். இர்மா அடித்த சூட்டோடு, ஒரு டாலர் கொடுங்கள், ஆளுக்குத் தனிப் பட்டா தருகிறேன், அதை வைத்து வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டுங்கள் என்றார், ஆன்டிகுவாவும் பார்புடாவும் சேர்ந்த அந்த நாட்டின் பிரதமர். கேட்கும்போது நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்கலாம் என்று வந்துவிட்டால், கையில் காசில்லாத நேரத்தில் கடற்கரை நிலத்தை யார் வாங்குவார்கள்? ஊர் காலியாகக் கிடந்தபோதே புது விமான நிலையத்துக்கு நிலம் சமப்படுத்தும் வேலையும் நடந்தது. திரும்பி வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், சண்டை பல வருஷம் போனது. நம் பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு கரையை விட்டு உள்ளே தள்ளிப் போங்கள், வீடு தருகிறோம் என்று பேச்சு வந்தபோது, நாங்கள் போன பிறகு கரைக்கு யார் வருவார்கள் என்று கடற்கரை ஊர்களில் கேட்டார்களே, அதே கேள்வி.

அந்தத் தீவுகளில் நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?
— மளிகைக்கடைக்காரர், அம்பாசமுத்திரம்

இருக்கிறார்கள். குவாடலூப் தீவுக்கு 1854-லிருந்து காரைக்கால், புதுச்சேரி துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் கூலிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனார்கள், அதில் பெரும்பங்கு தமிழர். மொழி போய்விட்டது, மாரியம்மன் கோயில் இருக்கிறது, ராமசாமி, வைத்திலிங்கம் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராக இருக்கிறது. அங்கே மசாலாக் கறிக்குப் பேர் 'கொலம்போ', அது நம்ம குழம்புதான் என்று நான் சாதிப்பேன், மறுக்கிறவர்கள் மறுத்துக்கொள்ளட்டும். அந்தத் தீவை 1928-ல் ஒரு ஹரிக்கேன் ஆயிரம் பேருக்கு மேல் கொன்றது, 1989-ல் ஹியூகோ.

இந்தியப் பெருங்கடலில் மொரிஷியஸ், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடுகிற நாடு. 1960-ல் கரோல் புயல் ஓலை வீட்டையும் தகர வீட்டையும் அள்ளிக்கொண்டு போன பிறகுதான் அங்கே கான்கிரீட் வீடு பரவலானது. இன்று போய்ப் பார்த்தால் சதுரம் சதுரமாய்த் தட்டைக் கூரை, நம் பெருமாள்புரம் மாதிரியே. பக்கத்து ரீயூனியன் தீவிலும் தமிழ் வம்சம் உண்டு. அங்கே 1966 ஜனவரியில் ஒரு புயல் மழையில் 24 மணி நேரத்தில் 182 செ.மீ. பெய்தது, இன்றுவரை உலக சாதனை. காயல்பட்டினத்து 95-ஐ நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

புயலுக்கு ஏன் பொம்பளைப் பேர்?
— கல்லூரி மாணவர், வள்ளியூர்

இப்போது அப்படி இல்லை தம்பி. அமெரிக்காவில் 1953 முதல் பெண் பேர் மட்டும் வைத்தார்கள், பெண்கள் சண்டை போட்ட பிறகு 1979 முதல் ரெண்டும் கலந்து. ரொம்ப அழித்த புயலின் பேரை மறுபடி வைக்க மாட்டார்கள், மரியா, இர்மா, ஐவன் எல்லாம் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று. நம் கடலுக்கு 13 நாடுகள் ஆளுக்குப் பதின்மூன்று பேர் கொடுத்திருக்கின்றன. ஒக்கி வங்கதேசம் கொடுத்தது, கண் என்று அர்த்தம். இந்தியா கொடுத்ததில் 'முரசு' இருக்கிறது. அது வரும்போது டிவிக்காரர்கள் என்ன கொட்டு கொட்டுவார்களோ.

பழைய துணி, தண்ணீர் பாட்டில் சேர்த்து இந்த மாதிரி ஊர்களுக்கு அனுப்பலாமா?
— இளைஞர் மன்றம், சேரன்மகாதேவி

வேண்டாம். 2023 வெள்ளத்தில் நமக்கு வந்த பழைய துணியில் ஒரு மூட்டையைப் பிரித்தேன், மேலே ஒரு பட்டுப் பாவாடை, அடியில் ஒற்றைக் கால் சாக்ஸ் பதினொன்று. போர்ட்டோ ரிக்கோவிலும் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கன்டெய்னர் தேங்கிக் கிடந்தது, ஏற்ற லாரி டிரைவர் இல்லை, டீசல் இல்லை, ரோடு இல்லை. ஒரு வருஷம் கழித்து விமான ஓடுதளம் ஒன்றில் தண்ணீர் பாட்டில் பெட்டிகள் லட்சக்கணக்கில் வெயிலில் வெந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். பணமாக அனுப்புங்கள்.

அண்ணாச்சி, மகன் நேற்று பேசிவிட்டான். கப்பல் நல்லபடியாகத் திரும்பியது. நீங்கள் சொன்ன அரிக்கேன் விளக்கைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன், சிம்னி உடைந்திருக்கிறது. புதுசு எங்கே கிடைக்கும்?
— அதே தாய், உவரி

சந்தோஷம் தாயி. டவுன் ரத வீதியில் பழைய பாத்திரக்கடைகளில் கேளுங்கள், ஒன்றிரண்டு கடையில் சிம்னி இன்னும் தொங்குகிறது. திரியும் அங்கேயே இருக்கும். மண்ணெண்ணெய்க்குத்தான் வழி தெரியவில்லை, எங்கள் ரேஷன் கடையில் அதை ஊற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.